பர்மிங்காம் குப்பை நெருக்கடி, 2025: தரம் பிரித்த குப்பைக்கு என்ன ஆனது?

2025 மார்ச் 31 அன்று பர்மிங்காம் கவுன்சில் (நம் ஊர் மாநகராட்சி போன்றது) ஊரில் பெரும் அவசர நிலையை அறிவித்தது. வெள்ளம், பெரிய தீ விபத்து போன்றவற்றுக்காக வைத்திருக்கும் ஏற்பாடு அது. இந்த முறை காரணம் குப்பை. தெருக்களில் அள்ளப்படாமல் கிடந்தது சுமார் 17,000 டன் என்று கவுன்சிலே கணக்குச் சொன்னது. இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரத்தில் கருப்புப் பைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து, எலிகள் பட்டப்பகலில் ஓடிய படங்களை உலகமே பார்த்தது.

ஏப்ரல் மாதக் கடைசியில் குவியல்களில் பெரும்பகுதி அகன்றது. கேமராக்களும் போய்விட்டன. ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பிரச்சினை முடியவில்லை. காகிதம், அட்டை, கண்ணாடி, டின், பிளாஸ்டிக் புட்டி என்று பிரித்து வைத்த குப்பையை வீட்டு வாசலில் எடுக்கும் சேவை 2025-இன் தொடக்கத்தில் நின்றது. ஆண்டு முடியும்வரை அது திரும்பவில்லை. அதே ஆண்டு வீடுவீடாக வருவதாக இருந்த உணவுக் கழிவு வாளியும் வரவில்லை. எலிகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இந்த இரண்டையும் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரம் பிரிப்பதில் பாதி வேலை வீட்டில் நடக்கிறது. மீதிப் பாதி, லாரிக்குப் பின்னால் நடந்து வரும் ஆளின் கையில் நடக்கிறது. பர்மிங்காம் கவுன்சில் அந்த ஆளின் சம்பளத் தகராறை முடிக்காமல், அவரையே நம்பி நடக்க வேண்டிய புதிய சேவையைத் தேதி குறித்து அறிவித்தது. 2025-இல் இரண்டும் சேர்ந்து நின்றுபோயின.

ஊரும் தொட்டிகளும்

பர்மிங்காமின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 11.4 லட்சம். லண்டனைப் போலப் பல கவுன்சில்களாகப் பிரிக்காமல் இத்தனை பேருக்கும் ஒரே கவுன்சில். அங்கே ஒரு குப்பை லாரி டிப்போ முடங்கினால் நகரத்தின் பெரிய ஒரு பகுதி முடங்கும்.

சுமார் பத்தாண்டுகளுக்கு முன்புவரை வீட்டுக் குப்பை கருப்புப் பைகளில்தான் வெளியே வந்தது. 2012-இல் எரிக் பிக்கிள்ஸ் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தபோது, வாராவாரம் குப்பை எடுப்பதைக் கைவிடாத கவுன்சில்களுக்கு மத்திய அரசு தனி நிதி ஒதுக்கியது. பர்மிங்காமுக்குக் கிட்டத்தட்ட 3 கோடி பவுண்டு கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு வீடு சக்கரத் தொட்டிகள் வந்தன. மற்ற பல ஊர்கள் மறுசுழற்சிக்கு ஆகாத பொதுக் குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, மிச்சமான ஆளையும் வண்டியையும் உணவுக் கழிவுக்குத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. பர்மிங்காம் வாராந்திரப் பொதுக் குப்பையை வைத்துக்கொண்டு உணவுக் கழிவைத் தள்ளிப்போட்டது. அன்றைக்கு வாக்காளர்களுக்குப் பிடித்த முடிவுதான். அதன் விலை பிறகு தெரிந்தது.

மறுசுழற்சித் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் மேற்பகுதியில் கழற்றி எடுக்கக்கூடிய ஓர் உள்பெட்டி இருக்கும். காகிதமும் அட்டையும் அதற்குள்; கண்ணாடி, டின், பிளாஸ்டிக் எல்லாம் அதற்குக் கீழே. காகிதம் நனையாமலும் கண்ணாடித் துண்டு கலக்காமலும் இருந்தால்தான் ஆலைக்காரர் விலை கொடுப்பார். ஆகவே பணியாளர் மூடியைத் திறந்து, உள்பெட்டியைத் தூக்கி எடுத்து, காகிதத்தைத் தனியாகக் கொட்டிவிட்டு, பிறகுதான் தொட்டியை லாரியின் தூக்கியில் மாட்ட முடியும். பொதுக் குப்பைத் தொட்டிக்கு இந்த வேலை கிடையாது. மாட்டினால் தானே கவிழும். மறுசுழற்சித் தொட்டியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண்ணும் இரண்டு கைகளும் கூடுதலாகத் தேவை. அவசரத்தில் உள்பெட்டியைச் சரியாகக் காலி செய்யாமல் போனாலோ, குழந்தையின் டயபர் கிடப்பதைக் கவனிக்காமல் கவிழ்த்தாலோ, தெரு முழுக்கப் பிரித்து வைத்தவர்களின் உழைப்பு ஒரே வாசலில் வீணாகும். அந்தச் சுமை எரி உலைக்குப் போகும்.

எரி உலை பர்மிங்காமுக்குள்ளேயே, டைஸ்லி பகுதியில் இருக்கிறது. வியோலியா நிறுவனம் நடத்துகிறது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டன் அளவுக்கு எரித்து மின்சாரம் எடுக்கும் திறன் அதற்கு உண்டு. குப்பைமேட்டில் புதைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கண்ணெதிரே உலை இருக்கும்போது, கஷ்டப்பட்டுப் பிரிக்க வேண்டிய அவசரம் நிர்வாகத்துக்கு இல்லாமல் போகிறது. இங்கிலாந்து முழுக்க வீட்டுக் குப்பையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மறுசுழற்சிக்குப் போய்க்கொண்டிருந்த சமீப ஆண்டுகளில் பர்மிங்காம் 25-ஐ எட்டவில்லை. நாட்டின் பட்டியலில் அடிமட்டத்தில் இருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று.

சம்பளத் தகராறின் வேர்

பர்மிங்காம் கவுன்சிலில் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு ஆகிய வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். குப்பை அள்ளுவது, சாலை கூட்டுவது, கல்லறை தோண்டுவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. சம்பளத் தரநிலை ஒன்றாக இருந்தும் ஆண்களுக்கு மட்டும் ஊக்கத்தொகை கிடைத்தது. பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012 அக்டோபரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், வேலையை விட்டுப் போனவர்களும் ஆறு ஆண்டுகள்வரை சிவில் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம் என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து கவுன்சில் கொடுத்த இழப்பீடு நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. அந்தப் பெண்கள் கேட்டது நியாயம். கவுன்சில் காலத்தோடு கொடுக்காததுதான் கடனாக வளர்ந்தது. குப்பைத் தகராறைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர் பெண்களின் வழக்கைப் பழி சொல்வதைப் பார்க்கிறேன். அதை ஏற்கவே முடியாது.

2017-இல் லாரிக் குழுவில் மூன்றாம் தரநிலையில் இருந்த முன்னணிப் பணியாளர் பதவியை நீக்க கவுன்சில் முயன்றது. லாரியின் பின்பக்கம் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் அவர். ஜூன் கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆகஸ்டில் சமரசம் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் பணிநீக்க அறிவிப்புகள் போனதும் மறுபடி நிறுத்தம். கவுன்சில் தலைவர் ஜான் கிளான்சி பதவி விலகினார். உயர் நீதிமன்றம் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில் உடன்பாடு வந்தபோது, நீக்கவிருந்தவர்களுக்காகவே அதே தரநிலையில் ஒரு புதிய பதவி உருவானது: கழிவுக் குறைப்பு மற்றும் சேகரிப்பு அலுவலர்.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். காகிதத்தில் இந்தப் பதவி அருமையானது. குப்பை எடுப்பதோடு வீட்டுக்காரரிடம் பேசி, எது எந்தத் தொட்டியில் என்று விளக்கி, மறுசுழற்சியைக் கூட்டுவது அவர் பொறுப்பு. மறுசுழற்சியில் பின்தங்கிய ஒரு நகரத்துக்கு இதைவிடத் தேவையான வேலை வேறு இல்லை. ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகளில் நகரத்தின் மறுசுழற்சி விகிதம் 20-களின் தொடக்கத்திலேயே நின்றது. லாரி தன் சுற்றைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று பேச யாருக்கு அவகாசம்? பதவியைக் கொடுத்தவர்கள் அதற்கான நேரத்தைக் கொடுக்கவில்லை. பிறகு, இந்த ஆள் செய்வதும் இரண்டாம் தரநிலையில் இருப்பவர் செய்வதும் ஒன்றுதான், கூடுதல் சம்பளம் கொடுத்தால் மறுபடி சம ஊதிய வழக்கு வரும் என்று அதே கவுன்சில் வாதிட்டது. அந்த வாதம் சட்டப்படி வலுவானதாக இருக்கலாம். வேலையை வேலையாக நடத்தியிருந்தால் அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் இன்னொரு தகராறு வந்தது. 2017 நிறுத்தத்தில் சேராத சங்கத்து உறுப்பினர்களுக்குக் கவுன்சில் பணம் கொடுத்திருந்தது, சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதுவும் மார்ச்சில் முடிந்தது. ஆனால் நம்பிக்கை போய்விட்டது.

திவாலும் திட்டமும்

2023 செப்டம்பர் 5 அன்று கவுன்சில் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. சட்டப்படி அவசியமான செலவைத் தவிர வேறு எதற்கும் பணமில்லை என்று ஒப்புக்கொள்ளும் அறிவிப்பு அது. சம ஊதியக் கடன் 65 கோடி முதல் 76 கோடி பவுண்டுவரை இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். கணக்கு வழக்குக்காக வாங்கிய ஆரக்கிள் மென்பொருளின் செலவும் கட்டுக்கு அடங்காமல் போயிருந்தது. கவுன்சிலை மேற்பார்வையிட மத்திய அரசு நியமித்த ஆணையர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு வெட்டு. கவுன்சில் வரி 2024-இல் 9.99 விழுக்காடும், அடுத்த ஆண்டு 7.49 விழுக்காடும் ஏறியது. வரி கூடிய அதே ஏப்ரலில் வாசலில் குப்பை கிடந்ததை மக்கள் மறக்க மாட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் குப்பைச் சேவையைப் புதிதாக வடிவமைத்தார்கள். பொதுக் குப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உணவுக் கழிவு வாரம் ஒருமுறை, தனி வாளியில். காகிதத்துக்கும் அட்டைக்கும் உள்பெட்டிக்குப் பதிலாகத் தனித் தொட்டி. 2025 வசந்தத்தில் பகுதி பகுதியாகத் தொடங்குவதாக இருந்தது. திட்டத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பத்தாண்டு தாமதமாக வந்த நல்ல திட்டம். 2021 சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் இங்கிலாந்தின் வீடுகளுக்கு வாராந்திர உணவுக் கழிவுச் சேவை 2026 மார்ச் 31-க்குள் வர வேண்டும் என்று மத்திய அரசு கெடு வைத்து, வண்டி, வாளி வாங்குவதற்கென்று 29.5 கோடி பவுண்டு ஒதுக்கியும் இருந்தது.

ஆனால் அதே கட்டத்தில் கழிவுக் குறைப்பு அலுவலர் பதவியையும் நீக்கினார்கள். வீட்டுக்காரர் ஒரு புதிய பழக்கத்தைக் கற்க வேண்டிய ஆண்டில், அதைக் கற்றுக்கொடுக்க என்று நியமித்த பதவி போகிறது. குப்பைப் பணியாளர்களின் தொழிற்சங்கமான யுனைட், சுமார் 170 பேர் ஆண்டுக்கு 8,000 பவுண்டுவரை இழப்பார்கள் என்றது. கவுன்சில், அதிகபட்ச இழப்பைச் சந்திப்பவர்கள் 17 பேர்தான், அதுவும் 6,000 பவுண்டுக்குச் சற்று மேல், ஆறு மாதத்துக்குச் சம்பளப் பாதுகாப்பும் உண்டு என்றது. வேறு வேலையை ஏற்றுக்கொண்டவர்களை எப்படி எண்ணுவது என்பதில்தான் இந்த வித்தியாசம். ஒரு பவுண்டைக்கூடக் குறைத்துக்கொள்ள முடியாத குடும்பத்துக்கு இந்தக் கணக்கு விவாதம் எதுவும் உதவாது.

ஜனவரி முதல் ஜூலை வரை

2025 ஜனவரி 6 முதல் விட்டுவிட்டு வேலைநிறுத்தம். மார்ச் 11 முதல் முழு நிறுத்தம். 350-க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். டிப்போ வாசலில் மறியல் செய்தவர்கள் லாரிகளுக்கு முன்னால் மிக மெதுவாக நடந்தார்கள். அதனால் லாரி சாலைக்கு வரவே பல மணி நேரம் ஆனது. ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆட்கள் உள்ளே இருந்தும் தெருவுக்குப் போக முடியவில்லை.

அவசர நிலை அறிவித்த பிறகு கூடுதலாக 35 வண்டிகள் இறங்கின. ஏப்ரல் நடுவில் திட்டமிடுதலில் உதவ ராணுவ அதிகாரிகள் சிலர் வந்தார்கள். மேசையில் உட்கார்ந்து வழித்தடம் போட்டவர்கள் அவர்கள், குப்பை அள்ள வந்த சிப்பாய்கள் இல்லை. அதே வாரத்தில் கவுன்சில் வைத்த ஒரு சலுகையைத் தொழிலாளர்கள் மிகப் பெரும்பான்மையுடன் நிராகரித்தார்கள். இதற்கிடையே ஓட்டுநர்களின் தரநிலையும் மறுமதிப்பீட்டுக்கு வந்தது. தகராறு 17 பேரா 170 பேரா என்ற எல்லையைத் தாண்டிப்போனது. மே மாதம் உயர் நீதிமன்றம் லாரிகளைத் தடுப்பதற்குத் தடையாணை கொடுத்தது. ஜூலை 9 அன்று கவுன்சில் தலைவர் ஜான் காட்டன் பேச்சுவார்த்தை அதன் முடிவுக்கு வந்துவிட்டது என்று அறிவித்தார். ஏறக்குறைய கைகூடிய உடன்பாட்டை ஆணையர்கள் தடுத்ததாக யுனைட் சொல்லிவந்தது. ஆண்டு முடியும்வரை தீர்வு வரவில்லை.

கவுன்சில் ஏஜென்சி ஆட்களை வைத்துப் பொதுக் குப்பையை மட்டும் எடுக்கத் தொடங்கியது. மறுசுழற்சி காத்திருக்கட்டும் என்று விட்டது. இருக்கிற லாரியையும் ஆளையும் வைத்து முதலில் நாறும் குப்பையை அள்ளுவது சரியான முடிவுதான். ஆனால் நாறுவது எது?

பொதுக் குப்பைத் தொட்டியில் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உணவுதான் என்று பிரிட்டனில் குப்பையைப் பிரித்து எடை போட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஈரமும் நாற்றமும் எலியும் ஈயும் அந்தப் பங்கினால்தான். உணவில்லாத கருப்புப் பை நாலு வாரம் வாசலில் கிடந்தாலும் அசிங்கம்தான், ஆனால் அதை எலி கிழிக்காது. வீட்டு ஈ வெப்பமான நாளில் முட்டையிலிருந்து ஈயாக வளர ஏழு முதல் பத்து நாள் போதும். வாராவாரம் குப்பை எடுக்கும் பழக்கத்துக்கு அதுதான் அடிப்படை. 2025 வசந்தம் பிரிட்டனில் பதிவான வசந்தங்களிலேயே மிக வெப்பமானது. எலிக்காய்ச்சல் பயம் குழந்தைகள் உள்ள வீடுகளில் நியாயமாகவே வந்தது.

எல்லாத் தெருவும் ஒன்றுபோலத் துன்பப்படவில்லை. முன்னால் தோட்டமும் பக்கவாட்டில் வழியும் உள்ள வீட்டில் பைகளை மறைத்து வைக்கலாம். கார் இருந்தால் குப்பை மையத்துக்கு ஆன்லைனில் நேரம் பதிவு செய்து கொண்டுபோகலாம். ஸ்பார்க்ஹில், பால்சல் ஹீத், ஸ்மால் ஹீத் பகுதிகளில் வாசற்படி நேராக நடைபாதையில் இறங்கும் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் மூன்று தலைமுறை, அல்லது ஒவ்வோர் அறையிலும் ஒரு வாடகைக்காரர். அங்கே குப்பை நடைபாதையில்தான் கிடந்தாக வேண்டும். கவுன்சில் குறித்த இடங்களில் லாரியை நிறுத்தி, குப்பையைக் கொண்டுவந்து போடச் சொன்னது. மக்கள் சொட்டுகிற பைகளைத் தள்ளுவண்டியிலும் குழந்தை வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்; சில இடங்களில் வரிசை முடியுமுன் லாரி நிறைந்துவிட்டது. நடக்க முடியாத முதியவர்களுக்காகத் தொட்டியை வாசலிலிருந்தே எடுத்துவந்து திருப்பி வைக்கும் உதவிச் சேவை இந்த நாட்டில் உண்டு. தெருமுனையில் லாரி நின்றால் அவர்களுக்கு என்ன பயன்?

பிரித்து வைத்துப் பழகியவர்கள் முதல் சில வாரம் அட்டையை மடித்துக் கட்டி அடுக்கினார்கள். கழுவிய டின்கள் கூடத்தில் சேர்ந்தன. சிலர் பக்கத்துக் கவுன்சிலில் இருக்கும் உறவினர் வீட்டுத் தொட்டியில் போட்டார்கள். பிறகு பெரும்பாலானோர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓர் ஆண்டுக்கு மேல் குழந்தைகள் வீட்டில் பார்த்தது மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒன்றாகப் போவதைத்தான். அந்தப் பழக்கத்தை மீட்க எவ்வளவு காலம் ஆகும் என்பது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை.

உணவுக் கழிவு வாளி: அது வேலை செய்யும் விதம்

பர்மிங்காமுக்கு மேற்கே போனால் வேல்ஸ் வந்துவிடும். அங்கே 22 கவுன்சில்களும் வீட்டு உணவுக் கழிவைத் தனியாக எடுக்கின்றன. 1990-களின் கடைசியில் மறுசுழற்சி 5 விழுக்காட்டை ஒட்டி இருந்த நாடு அது. இப்போது 65-ஐத் தாண்டிவிட்டது. அறிவுரையால் மட்டும் இது நடக்கவில்லை. வேல்ஸ் அரசு சட்டத்தில் இலக்குகளை எழுதியது: 2012-13-க்கு 52 விழுக்காடு, 2019-20-க்கு 64, 2024-25-க்கு 70. இலக்கைத் தவறவிட்டால் தவறிய ஒவ்வொரு டன்னுக்கும் 200 பவுண்டு தண்டம் போடலாம். கூடவே வண்டிக்கும் வாளிக்கும் பணமும் கொடுத்தது.

வாளி இரண்டு. சமையலறை மேடையில் ஐந்து முதல் ஏழு லிட்டர் கொள்ளும் சிறியது. வாசலில் 23 லிட்டர் பெரியது. பெரிய வாளியின் கைப்பிடிதான் அதன் பூட்டு. கைப்பிடியை முன்பக்கம் கொண்டுவந்தால் மூடி இறுகிக்கொள்ளும். நரியோ பூனையோ கவிழ்த்தாலும் திறக்காது. வாழைப்பழத் தோல், சோறு, மீன் முள், கோழி எலும்பு, தேயிலைச் சக்கை எல்லாம் போடலாம். ஆலையில் பையையும் பிற பொருளையும் விலக்கி, அரைத்துக் கூழாக்கி, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் கிருமியைக் கொன்று, காற்றுப் புகாத கலனுக்கு அனுப்புகிறார்கள். நம் ஊர் சாண எரிவாயுக் கலனில் நடப்பதேதான் அங்கும் நடக்கிறது. வாயு மின்சாரமாகிறது, மிஞ்சிய குழம்பு வயலுக்கு உரமாகப் போகிறது.

இது எங்கேயும் தானாக ஓடவில்லை. வாளிக்குள் விரிக்கும் பை தீர்ந்து, புதியது வரத் தாமதமானால் பலர் அன்றே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாரம் வண்டி வராமல் போய், மூடியைத் திறந்ததும் புழு நெளிந்தால், அந்த வீட்டை மறுபடி சேர்ப்பது மிகக் கடினம். அடுக்குமாடிகளில் பொதுத் தொட்டி யாருடையது என்று தெரியாததால் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் பையோடு போட, முழுத் தொட்டியும் கெடுகிறது. உணவுக் கழிவுச் சேவை மற்ற எதையும்விட நேரம் தவறாமையை நம்பி நிற்கிறது. அட்டையை ஒரு வாரம் தாமதமாக எடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எதிர்வாதம் வரும்: பர்மிங்காமில் 2025-க்கு முன்பே உணவு வாளி இருந்திருந்தாலும், வேலைநிறுத்தத்தில் அதுவும் நின்றிருக்குமே? நின்றிருக்கும். ஆனால் நாறும் குப்பை முழுவதும் பூட்டுப் போட்ட சிறு வாளிகளில், அளவில் குறைவாக, தனியாக இருந்திருக்கும். கைவசம் இருந்த ஏஜென்சி லாரிகளை அந்த வாளிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தாலே எலிக்குத் தீனி நின்றிருக்கும். கலந்து கிடந்ததால் 17,000 டன்னையும் ஒரே அவசரத்தில் அள்ள வேண்டியதாயிற்று. பத்தாண்டு தள்ளிப்போட்டதற்குக் கொடுத்த விலை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

யாரிடம் எவ்வளவு பொறுப்பு

யுனைட் தன் உறுப்பினர்களின் சம்பளத்துக்காக நின்றது. சங்கம் இருப்பதே அதற்காக. லாரியின் பின்பக்கப் பாதுகாப்பைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னோக்கி வரும் குப்பை லாரி உயிரைப் பறிக்கும் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் டிப்போ வாசலை அடைத்ததன் அடி ஸ்பார்க்ஹில் குடும்பங்கள் மேல்தான் விழுந்தது, ஆணையர்கள் மேல் விழவில்லை. சங்கம் உணவுக் கழிவு மிகுந்த தெருக்களுக்கும் உதவிச் சேவை பெறும் முதியவர்களுக்கும் மட்டுமாவது வழி விட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

கவுன்சில் பக்கம் தவறு இன்னும் பெரிது. சம ஊதியக் கடன் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது உண்மை. ஆனாலும் செய்ய வழி இருந்தது. புதிய சேவையில் உண்மையிலேயே வேறுபட்ட வேலை ஒன்று காத்துக்கொண்டிருந்தது: லட்சக்கணக்கான வீடுகளுக்கு வாளி போய்ச் சேரும் முதல் ஆண்டில், தெருத் தெருவாகப் போய், தவறாக நிரப்பிய தொட்டியில் சீட்டு ஒட்டி, கதவைத் தட்டி, உருதுவிலும் வங்காளத்திலும் சோமாலியிலும் விளக்குவது. அதைத் தனிப் பொறுப்பாக எழுதி, மதிப்பிட்டு, அந்த 170 பேரிடம் கொடுத்திருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்திருக்கும். பல ஆண்டுகளாக அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் தொட்டி நிரம்பி வழியும், எந்தச் சந்தில் லாரி திரும்பாது, யார் வீட்டுக்கு உதவி தேவை என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஏஜென்சி ஆளுக்கு அது வழித்தட வரைபடத்தில் கிடைக்காது.

நிறுத்தி வைத்த புதிய சேவையை 2026 ஜூன் முதல் தொடங்குவதாகக் கவுன்சில் அறிவித்தது. அந்த நாளில் கவனிக்க வேண்டியவை சில எனக்குத் தெரிகின்றன. ஒரு பகுதியில் வாளி கொடுத்த முதல் மாதத்தில் லாரிச் சுற்றைக் கால் பங்காவது குறைத்து, வாசலில் நிற்க ஆளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். தவறாகப் பிரித்த தொட்டியை எடுக்காமல் விட்டுப்போவதை முதல் சில வாரம் தவிர்த்து, எடுத்துக்கொண்டு சீட்டு மட்டும் ஒட்ட வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேல் யாரும் எடுக்காத தொட்டியைப் பார்த்தவர்கள் முதல் வாரமே மறுபடி எடுக்காத தொட்டியைப் பார்க்கக் கூடாது. வரிசை வீடுகளுக்கு நடைபாதையில் இன்னும் இரண்டு தொட்டி வைக்க இடமில்லை. அங்கே அடுக்கி வைக்கும் பெட்டியோ பையோ வேண்டும். உதவிச் சேவைப் பட்டியலை 2024-இல் இருந்தபடியே எடுக்காமல் வீடுவீடாகச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் இடையில் பலர் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டிருப்பார்கள். உணவு வாளிக்கான வண்டி ஏதோ ஒரு நாள் பழுதானால், அன்றைய பொதுக் குப்பை வண்டியை நிறுத்தியாவது உணவு வாளியை அன்றே எடுக்கும் ஒழுங்கு டிப்போவில் எழுத்தில் இருக்க வேண்டும்.